வெயிலில் வேகும் சோறு: வாசகர் கேள்விகளுக்கு டீச்சரின் பதில்கள்

போன இதழில் சூரிய அடுப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் அது அரைப் பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை என்று தெரிகிறது. இந்த மாதப் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே எனக்கு இதில் ஈடுபாடு உண்டு. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் தெரு ஆசாரியோடு சேர்ந்து பெட்டி அடுப்புகள் செய்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து வருகிறேன். கீழே சொல்வதில் பாதி படித்தது, பாதி அந்த வீட்டுப் பெண்கள் எனக்குச் சொன்னது.

டீச்சர், நான் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறேன். காலை எட்டு மணிக்கு வேன் வந்துவிடும், வீடு திரும்ப ஐந்தரை ஆகும். கேஸ் இணைப்பு இருக்கிறது. ஆனால் சிலிண்டருக்குக் காசு சேரும்வரை வேலிக்கருவை விறகுதான். புகையில் கண் எரிகிறது. பகலில் வீட்டில் ஆள் இல்லாத என்னைப் போன்றவர்களுக்குச் சூரிய அடுப்பு உதவுமா?
– ஒரு வாசகி, விளாத்திகுளம்

உதவும்மா. சொல்லப்போனால் உங்களைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அது அதிகம் உதவும். பக்கத்தில் நின்று கிண்ட வேண்டாம், தீயைத் தள்ள வேண்டாம், அடிப்பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விடலாம்.

பெட்டி அடுப்பு என்பது உள்ளே கறுப்புத் தகடு, சுற்றிலும் வெப்பம் கசியாத அடைப்பு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அவ்வளவுதான். நடுப்பகலில் தெளிந்த வானம் இருந்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் வெயில் விழும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் உள்ள பெட்டியின் வாய் அதில் கால்பங்கு, அதாவது 250 வாட். முகம் பார்க்கும் கண்ணாடி இன்னும் கொஞ்சம் சேர்க்கும், மேல் கண்ணாடிகளும் சுவர்களும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது கேஸ் பர்னரின் வேகத்தில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 160 வாட்-மணி (80 வாட் இரண்டு மணி நேரம் சேர்ந்த அளவு) போதும். நல்ல வெயிலில் இரண்டு மணி நேரத்தில் அது வந்துவிடும். அரிசி வேகத் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்பதும் இல்லை. 80 டிகிரியைத் தாண்டினாலே அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி இளக ஆரம்பித்துவிடும்.

உங்கள் நாளுக்கு இப்படிச் செய்யுங்கள். வேன் வருவதற்கு முன் அரிசியைக் களைந்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி, வெளிப்புறம் கறுப்புப் பூசிய அகலமான அலுமினியப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். வடிக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பாத்திரத்தில், முதல்நாள் இரவே ஊறவைத்த பருப்பு. புழுங்கல் அரிசி என்றால் பச்சரிசியைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் உங்களுக்கு நாள் முழுக்க இருக்கிறதே. வெயில் சாயும் வரை பெட்டி சூடாகவே இருக்கும். நீங்கள் வரும்போது சோறும் பருப்பும் சூட்டோடு இருக்கும். தாளிப்பதற்கு மட்டும் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். கறி, மீன், பால் மூன்றையும் இந்த முறையில் வைக்கவே வேண்டாம். காலையில் பெட்டி மெதுவாகச் சூடேறும் நேரத்தில் அவை கெட்டுவிடக்கூடும். ஆள் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு வையுங்கள்.

உங்கள் பக்கம் தண்ணீர் உப்பு. அதில் துவரம்பருப்பு எந்த அடுப்பிலும் சரியாக வேகாது, பெட்டியில் இன்னும் அடம்பிடிக்கும். பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள்.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் மாற்றிச் செய்கிறார்கள். வடநாட்டு, ஐரோப்பியப் புத்தகங்களில் எல்லாம் பெட்டியைத் தெற்கு பார்த்து வைக்கச் சொல்லியிருக்கும். உங்கள் ஊரில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் முகம் பார்க்கும் கண்ணாடி பெட்டியின் தெற்கு விளிம்பில் நின்று வடக்கைப் பார்க்க வேண்டும். மற்ற மாதங்களில் அப்படியே திருப்பிவிடுங்கள்.

விறகுப் புகை கண்ணோடு நிற்பதில்லை. வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் சோறும் பருப்பும் வெயிலுக்கு மாறினால், புகையில் நிற்கும் நேரத்தில் பெரும்பகுதி அன்றைக்கே குறையும்.

நாங்கள் நான்கு பேர் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள். கிராம மக்களுக்கான மலிவு விலைச் சூரிய அடுப்புதான் எங்கள் புராஜெக்ட். வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளையத் தட்டு, சூரியனைத் தானாகத் தொடரும் மோட்டார், செல்போன் செயலி எல்லாம் சேர்க்க நினைக்கிறோம். உங்கள் ஆலோசனை?
– மாணவர்கள், திருச்சி

உங்கள் ஆர்வத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் மோட்டாரையும் செயலியையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

1950-களில் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பரவளையத் தட்டு அடுப்பு ஒன்றை உருவாக்கியது. பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, விற்பனைக்கும் போனது. மக்கள் வாங்கவில்லை. தட்டு அடுப்பில் சூடு நன்றாக வரும், வறுக்கலாம், பொரிக்கலாம். ஆனால் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அதைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். சமைக்கிறவர் உச்சி வெயிலில் நிற்க வேண்டும், கண் கூசும். காற்றடித்தால் தட்டு சாயும். மோட்டார் வைத்தால் திருப்புகிற வேலை தீரும். ஆனால் மோட்டார் பழுதானால் அதைச் சரிசெய்ய அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? சைக்கிள் கடைக்காரரோ ஆசாரியோ கை வைக்க முடியாத எதுவும் கிராமத்து வீட்டுக்கு மலிவு ஆகாது. வாங்கும் விலை குறைவாக இருந்தாலும் கெட்டுப்போன அன்றைக்கு அது முழு நஷ்டம்.

அதனால் முதலில் கணினியில் வரைபடம் போடாதீர்கள். ஏதாவது ஒரு கிராமத்தில் சில வீடுகளில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். காலையில் எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறார்கள், எந்தப் பாத்திரம், எத்தனை பேருக்கு, வீட்டில் வெயில் விழும் இடம் எது, அங்கே ஆடு வருமா, பிள்ளைகள் பந்தாடுவார்களா என்று எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி எந்த உயரத்தில் இருந்தால் குனியாமல் பாத்திரம் வைக்கலாம் என்று அந்த அம்மாவையே கேளுங்கள். இதற்கு முன் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வீடுகளில் கிடைக்கும் பதில்கள்தான் உங்கள் வடிவமைப்பு.

அளப்பதற்கு நம் நாட்டுத் தரநிர்ணயமே இருக்கிறது. பெட்டி அடுப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13429. அதில் முதல் சோதனை எளிது: முகம் பார்க்கும் கண்ணாடியை மூடிவிட்டு, காலிப் பெட்டியை வெயிலில் வைத்து, உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டின் வெப்பம் எதுவரை ஏறி நிற்கிறது என்று பார்ப்பது. வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட், வெளிக்காற்று 32 டிகிரி என்றால் அந்தத் தகடு 140 டிகிரியை ஒட்டி வர வேண்டும். அதுதான் நல்ல பெட்டி. அடுத்தது நடுப்பகலில் தண்ணீரைச் சூடாக்கும் சோதனை. இரண்டையும் மூன்று வகை அடைப்புப் பொருள்களுக்குச் செய்து ஒப்பிட்டாலே நல்ல புராஜெக்ட். உமி, தென்னை நார்க்கழிவு, பருத்திக் கழிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடியின் சாய்வுக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். அதன் நீளமும் பெட்டியின் வாயும் சமமாக இருந்தால், சூரியனின் உயரக் கோணத்தோடு 90 கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் பெட்டியின் மேல் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய கோணம் அதுதான். சூரியன் உச்சியில் என்றால் 120 டிகிரி. மார்கழியில் மதுரைப் பக்கம் நண்பகல் சூரியன் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது 98 டிகிரி, கிட்டத்தட்ட நிமிர்த்தி வைக்க வேண்டும். ஏன் அப்படி வருகிறது என்பதை ஒரு இருசமபக்க முக்கோணம் வரைந்து நீங்களே நிறுவுங்கள், அறிக்கையில் ஒரு பக்கம் ஆகும்.

எங்கள் ஊரில் ஒருவர் இணையத்தில் பார்த்துப் பெட்டி அடுப்பு செய்தார். தெர்மகோல் வைத்தார், சுருங்கிவிட்டது. மரச்சட்டம் முறுக்கிக்கொண்டது. நான் தச்சு வேலை செய்கிறேன். எதைக் கொண்டு செய்தால் நிலைக்கும்?
– ஒரு வாசகர், பரமக்குடி

ஒரு ஆசாரியிடமிருந்து கடிதம் வந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தெர்மகோல் 80 டிகிரியைத் தாண்டினால் சுருங்கத் தொடங்கும், நல்ல பெட்டிக்குள் 120, 130 டிகிரி வரும். ஆகவே அது கூடவே கூடாது. உமி நல்ல பொருள். விலை குறைவு, அதில் மணல்சத்து அதிகம் என்பதால் பூச்சி சுலபமாக அரிக்காது. வெயிலில் மொறமொறவென்று காயவைத்து அடையுங்கள். ஈரம் இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி உள்கண்ணாடியில் முத்து முத்தாகப் படியும், வெயில் உள்ளே போகாது. பக்கவாட்டிலும் அடியிலும் குறைந்தது இரண்டு அங்குலக் கனம் வேண்டும். இடித்து இறுக்கிவிடாதீர்கள், நடுவில் சிக்கியிருக்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. எலி நுழையாதபடி மூலைகளைத் தகரத்தால் மடக்கிவிடுங்கள்.

வெளிப்பெட்டிக்குப் புது ஒட்டுப்பலகை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பல வீடுகளில் பரண்மேல் பழைய டிரங்குப் பெட்டி கிடக்கும். மூடியோடு, கீலோடு, கைப்பிடியோடு தயாராக இருக்கும் பெட்டி அது! மூடியின் உட்பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துவிடலாம். மழை வந்தால் மூடியைச் சாத்தினால் போதும்.

உள்தட்டுக்கு அலுமினியத் தகடு, அதன்மேல் பள்ளிக் கரும்பலகைக்கு அடிக்கிற மங்கலான கறுப்புப் பெயிண்ட். பளபளக்கும் பெயிண்ட் வேண்டாம். பூசிய பிறகு சில நாள் காலிப் பெட்டியை வெயிலில் வைத்து, பெயிண்ட் வாடை முழுக்கப் போன பிறகே உணவு வைக்க வேண்டும். பாத்திரத்துக்கு வெளிப்புறம் மட்டும் பூசுங்கள்.

மேலே இரண்டு கண்ணாடிகள், இடையில் விரற்கடை அளவு இடைவெளி. வெளிக்கண்ணாடி டஃபன்டு கண்ணாடியாக (கடினமாக்கிய கண்ணாடி) இருந்தால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. ஆனால் டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, ஆர்டர் கொடுக்கும்போதே அளவு சரியாக இருக்க வேண்டும். சட்டம் முறுக்கிக்கொண்டதற்குக் காரணம் பச்சை மரம். நன்றாக ஆறிய மரத்தைப் போடுங்கள், அல்லது ஜன்னலுக்குப் போடுகிற அலுமினியச் சட்டம். கண்ணாடியைச் சட்டத்தோடு இறுக்கி அடித்துவிடாமல் நூலளவு இடம் விடுங்கள், சூட்டில் விரியும். பெட்டிக்கும் சட்டத்துக்கும் இடையே ஆவி கசியாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிச் சுற்றிலும் ஒட்டினால் போதும். பெட்டி சூடேறாததற்குப் பெரும்பாலும் இந்த விளிம்புக் கசிவுதான் காரணம். உள்ளே ஊதுபத்தி வைத்துப் பாருங்கள், எங்கே புகை வெளியே வருகிறதோ அங்கே டியூப் சரியாகப் படியவில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பக்க ரசம் வெயிலிலும் பனியிலும் ஓரத்திலிருந்து உரியும். பதிப்பதற்கு முன் நான்கு ஓரத்திலும் பின்புறத்திலும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். மினுக்குத் தாள் ஒட்டினால் முதல் சில மாதம் நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் வெயிலே அதை மங்கடித்துவிடும்.

குன்னூரில் குளிர் அதிகம். இங்கே பயன்படுமா?
– ஒரு வாசகி, குன்னூர்

குளிர் பெரிய தடை இல்லை, வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். மேகமும் மூடுபனியும்தான் தடை. நிழல் கூர்மையாக விழும் நாளில் வேகும், நிழல் மங்கினால் வேகாது. தை, மாசி, பங்குனியில் தாராளமாக முயலுங்கள்.

டீச்சர், 2022-இல் இங்கே காஸ் வரிசையில் நின்று நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அதன் பிறகு எங்கள் சங்கத்துப் பெண்கள் சூரிய அடுப்பில் விருப்பமாக இருக்கிறார்கள். இங்கே சோளகக் காற்று பலமாக வீசும். பெட்டி சூடாகுமா? மரவள்ளிக்கிழங்கு அவிக்கலாமா?
– ஒரு வாசகி, கிளிநொச்சி

அந்த வரிசைகளைப் பற்றி நாங்களும் இங்கே படித்து வருந்தினோம். ஒரே எரிபொருளை நம்பியிருக்கும் அடுப்படி எவ்வளவு சீக்கிரம் அணைந்துபோகும் என்பதை உங்கள் தீவு நேரில் பார்த்தது.

காற்று வெளிக்கண்ணாடியின் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால் இழப்பு குறையும். அதோடு காற்று வரும் பக்கத்தில் கிடுகு வேலியோ சுவரோ மறைப்பாக இருக்கும் இடத்தில் வையுங்கள், நிழல் மட்டும் விழக்கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடியின் இரு பக்கமும் முட்டுக் கொடுங்கள். சோளகத்தில் அது பட்டென்று மூடி உடையக்கூடும். அடைப்புக்கு உங்களிடம் தும்புக்கு, அதாவது தென்னை நாருக்கு, பஞ்சமில்லை.

மரவள்ளியை இதில் அவிக்க வேண்டாம். அதிலுள்ள நச்சு ஆவியாக வெளியேற வேண்டும். திறந்த பானையில், நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவதுதான் நல்லது. பெட்டிக்குள் மூடிய பாத்திரம் அதற்கு நேர் எதிர். பனங்கிழங்கு அவிக்கலாம், வற்றாளங்கிழங்கு (எங்கள் சர்க்கரைவள்ளி) அவிக்கலாம். புழுக்கொடியலுக்கு (அவித்து உலர்த்திய பனங்கிழங்கு) கிழங்கை அவிப்பதும் காயவைப்பதும் ஒரே முற்றத்தில் ஒரே வெயிலில் நடக்கும். பருப்பு, கடலை, சோறு எல்லாம் சரிவரும். பிட்டுக்கு வேகமான ஆவி வேண்டும், பெட்டி அதைத் தராது.

திருமலையில் ஆயிரக்கணக்கானோருக்குச் சூரிய ஆவியில் சமைத்தார்கள் என்று படித்தேன். ஆரோவில்லில் நேரிலேயே பார்த்தேன். அங்கே முடிந்தது எங்கள் வீட்டில் ஏன் முடியவில்லை?
– ஒரு வாசகர், கடலூர்

ஆரோவில் சோலார் கிச்சனின் கூரைமேல் நீங்கள் பார்த்தது 15 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய கிண்ணம். உள்ளே முழுக்கச் சிறு சிறு கண்ணாடிகள். கிண்ணம் அசையாது, அதன் குவியத்தில் இருக்கும் குழாய்தான் சூரியனோடு நகர்ந்து ஆவி எடுக்கும். திருமலையில் 2002-இல் 106 தட்டுகளை நிறுவினார்கள், சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவு. அவை வொல்ஃப்காங் ஷெஃப்லர் என்பவர் வடிவமைத்த வகை. அவர் தம் முதல் தட்டை 1986-இல் கென்யாவில் அமைத்தார், காப்புரிமை கேட்காமல் உலகத்துக்கே வடிவமைப்பைக் கொடுத்தார். ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில், பெரிதாகப் படிக்காத பெண்கள் வெல்டிங் கற்று இதே வகைத் தட்டுகளைத் தாங்களே செய்கிறார்கள். அந்தப் பெண்களின் படத்தை என் வகுப்பு மாணவிகளுக்குக் காட்டியபோதெல்லாம் பின்வரிசை வரை நிமிர்ந்து உட்கார்ந்தது.

பெரிய அடுக்களையில் தினமும் ஒரே சமையல், அதைக் கவனிக்கவென்றே சம்பளத்துக்கு ஆள், மழை வந்தால் உடனே மாற்றிக்கொள்ள பாய்லர் எல்லாம் உண்டு. நிறுவும் செலவை மிச்சமாகும் எரிபொருள் சில ஆண்டில் ஈடுகட்டும். வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. வீட்டுக்குத் தேவை ஆள் கேட்காத அடுப்பு, அதனால்தான் நான் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சூரியத் தகடும் மின்சார அடுப்பும் வந்துவிட்ட காலத்தில் கண்ணாடிப் பெட்டி எதற்கு? இந்தியன் ஆயிலின் சூர்யா நூதன் பற்றி உங்கள் கருத்து?
– ஒரு வாசகர், கோவை

சூர்யா நூதன் 2022-இல் அறிமுகமானது. தகடு கூரையில், அடுப்பு சமையலறையில், இடையில் ஒரு வயர். அடுப்புக்குள்ளேயே வெப்பத்தைச் சேமித்து இரவிலும் சமைக்கலாம். ‘வெயிலில் போய்ச் சமைக்க வேண்டுமா’ என்ற பெரிய மறுப்பை அது ஒரேயடியாகத் தீர்க்கிறது, அதற்காக அந்தப் பொறியாளர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் ஆரம்ப விலையாகச் சொன்னது 18,000 முதல் 30,000 ரூபாய். பெருமளவில் தயாரித்தால் 10,000, 12,000 வரை இறங்கும் என்றார்கள். விளாத்திகுளத்திலிருந்து எழுதியிருக்கிறாரே அந்தத் தங்கை, அவருக்கு அதுவும் எட்டாத உயரம்.

மத்தியப் பிரதேசத்தில் பேதுல் மாவட்டத்துப் பாஞ்சா கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் சூரிய மின்சார அடுப்பு வைத்தார்கள். மும்பை ஐ.ஐ.டி. வடிவமைத்தது. விறகு வெட்டக் காட்டுக்குப் போவது நின்றது. ஆனால் அதில் பேட்டரி இருக்கிறது. பேட்டரி சில ஆண்டில் தேயும், மாற்றும் செலவு யாருடையது என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது வழி. கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகத்தில் பீட் ஷ்வார்ட்ஸ் என்ற பேராசிரியரும் மாணவர்களும் முயலும் வழி அது. 100 வாட் தகடு ஒன்று. அதிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரியே இல்லாமல் நேராக ஒரு வெப்பச் சுருளுக்குப் போகிறது. சுருள், பாத்திரம் இரண்டும் கனமான அடைப்புக்குள் இருக்கும். நூறு வாட் என்றால் குறைவுதான். ஆனால் பகல் முழுக்க ஓடினால் 500 வாட்-மணி சேரும், வெப்பம் வெளியே போகாததால் ஒரு குடும்பத்தின் சோறும் குழம்பும் வெந்துவிடும். ஆப்பிரிக்கக் கிராமங்களில் சோதித்து வருகிறார்கள். தகட்டின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது, கண்ணாடியின் விலை இறங்குவதில்லை. அதனால் இன்னும் சில ஆண்டில் என் ஆசாரியும் நானும் பெட்டியை விட்டு இதற்கு மாறினாலும் ஆச்சரியமில்லை. இதை முயல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சுருளைச் சுற்றி உமி வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். ராக் ஊல் போன்ற எரியாத பொருள்தான் வேண்டும். ஃபியூஸ் கட்டாயம்.

இன்றைக்கு, இந்த விலையில், கெட்டால் ஊரிலேயே சரிசெய்யக்கூடியது பெட்டிதான்.

அரசு வெளியீடு ஒன்றில் பெட்டி அடுப்பால் ஆண்டுக்கு மூன்று, நான்கு சிலிண்டர் மிச்சம் என்று போட்டிருந்தது. உண்மையா?
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

நான் ஒன்றரை, இரண்டு என்றுதான் சொல்வேன். சோறும் பருப்பும் பெட்டிக்குப் போனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் கேஸ் மிஞ்சும். நம் பக்கம் நல்ல வெயில் உள்ள நாள் ஆண்டில் 250 என்று வைத்தால் 25 கிலோ. சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. கூட்டிச் சொல்லி விற்றால், வாங்கியவர் ஏமாந்துவிட்டதாக நினைத்துப் பெட்டியை மூலையில் போடுவார். இந்தக் கணக்கைச் சொல்லி விற்றால் மனக்குறை வராது. குளிக்க வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை என்று பிற்பகல் வெயிலையும் பயன்படுத்தினால் கணக்கு கூடும்.

மாட்டுத் தீவனம் என்றதும் நினைவு வருகிறது. ஜோத்பூரிலுள்ள மத்திய வறள்மண்டல ஆய்வு நிறுவனம் 1990-களில் தீவனம் வேகவைக்கவென்றே ஒரு சூரிய அடுப்பு செய்தது. களிமண், கம்பு உமி, சாணம் கொண்டு தரையோடு கட்டியது, வாங்க வேண்டியது கண்ணாடியும் தகடும்தான். நாளொன்றுக்கு 10 கிலோ தீவனம். மலிவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்த மண் அடுப்பைத்தான்.

சூரிய அடுப்பை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
– ஏழாம் வகுப்பு மாணவி, சென்னை

1767-இல் சுவிட்சர்லாந்தின் ஒராஸ்-பெனடிக்ட் தெ சோசூர் கண்ணாடிப் பெட்டிக்குள் பழங்களை வேகவைத்தார். நம் நாட்டில் 1870-களில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி பம்பாயில் எட்டுப்பட்டைக் கண்ணாடி அடுப்பு செய்து, ஏழு சிப்பாய்களின் உணவை ஜனவரி மாதத்தில் இரண்டு மணி நேரத்தில் சமைத்ததாக எழுதியிருக்கிறார். 1945-இல் ஜாம்ஷெட்பூரில் எம்.கே. கோஷ் செய்த பெட்டிதான் இன்றைய இந்தியப் பெட்டி அடுப்புக்கு முன்னோடி. நீயும் ஒரு அட்டைப் பெட்டியில் செய்து பார். அமெரிக்காவில் பார்பரா கெர், ஷெரி கோல் என்ற இரண்டு பெண்கள் 1970-களில் அட்டைப் பெட்டியிலேயே குடும்பத்துக்குச் சமைத்துக் காட்டினார்கள். கண்ணாடியைப் பெரியவர்கள் எடுத்து வைக்கட்டும்.

என் மாமியார் ‘வெளியில் வேகிற சோறு ஆகாது, கண் படும், காக்கா கொத்தும்’ என்கிறார். எப்படிச் சம்மதிக்கவைப்பது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

காகத்தால் கண்ணாடியைக் கொத்தித் திறக்க முடியாது, பல்லி விழாது, தூசி போகாது. அடுப்படிப் பாத்திரத்தைவிடப் பெட்டிக்குள் இருப்பது பத்திரம். கண் படும் என்றால் கொல்லைப்புறம் வையுங்கள், அதில் நமக்கு நஷ்டமில்லை.

சோற்றில் ஆரம்பிக்காதீர்கள். சோறு அவருடைய ஆட்சி. முதலில் வேர்க்கடலை அவித்துக் கொடுங்கள். அப்புறம் சர்க்கரைவள்ளி, அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், தன் ஈரத்திலேயே வெந்து இனிப்பு ஏறும். மொச்சைச் சுண்டல், தினைப் பொங்கல் என்று போங்கள். மெதுவாக வேகிற பண்டத்தின் ருசி பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் இப்படித்தான் ஒரு பாட்டி, மருமகளிடமிருந்து பெட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இப்போது யார் எப்போது திறக்கலாம் என்பதையும் அவர்தான் சொல்கிறார். அது சரியான விதியும்கூட, ஒருமுறை திறந்து பார்த்தால் கால் மணி நேரச் சூடு போய்விடும்.

எங்கள் மகளிர் குழு பெட்டி அடுப்பு செய்து விற்க நினைக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்? இலவசமாகக் கொடுக்க ஒரு அறக்கட்டளை முன்வருகிறது, வாங்கிக்கொள்ளலாமா?
– குழுத் தலைவி, சங்கரன்கோவில்

அறக்கட்டளைப் பணத்தைக் கருவிகளுக்கும் முதல் சரக்குக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை இலவசமாகக் கொடுக்காதீர்கள். மாதத் தவணையில், ஒரு வீட்டில் விறகுக்கும் கேஸுக்கும் மிஞ்சுகிற தொகையைவிடக் குறைவாகத் தவணை இருக்கட்டும். தவணை வாங்கப் போகும் உறுப்பினர் பெட்டியையும் பார்த்துவிட்டு வருவார், டியூப் தளர்ந்திருக்கிறதா, முகம் பார்க்கும் கண்ணாடி மங்கியிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

எல்லாப் பெட்டியும் ஒரே அளவாக இருக்கட்டும். அதே அளவுக் கண்ணாடி சில உங்கள் அலுவலகத்தில் எப்போதும் இருக்க வேண்டும். கண்ணாடி உடைந்த வீட்டில் ஒரு வாரத்துக்குள் மாற்றிக் கொடுக்காவிட்டால் அந்தப் பெட்டியில் அடுத்து கோழி அடையும்.

முதல் சில பெட்டிகளைக் குழு உறுப்பினர்களின் வீட்டிலேயே ஒரு கோடை முழுக்கப் பயன்படுத்துங்கள். விற்கப் போகும் பெண் தன் வீட்டில் வெந்த சோற்றைக் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நோட்டீஸ் அடிக்கும் காசு மிச்சம். ‘எல்லாச் சமையலும் செய்யலாம்’ என்று யாரும் சொல்லக்கூடாது. தோசை வராது, அப்பளம் பொரியாது, தாளிக்க முடியாது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒன்றுமே வேகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விற்பனையைப் புரட்டாசியில் ஆரம்பிக்காதீர்கள். வாங்கிய கையோடு மழை வந்தால் பெட்டி திண்ணையில் ஓரமாகப் போய்விடும், பிறகு எடுக்க மாட்டார்கள். தை மாதம் கொடுங்கள். வைகாசி வரை தொடர்ந்து வெயில் இருக்கும், அதற்குள் எந்த அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் அந்த வீட்டுக்குக் கைப்பழக்கம் ஆகிவிடும்.